டெக்சஸில் வீட்டு வரி: ஏப்ரலில் பாதி வேலை, ஆகஸ்டில் மீதி

இன்கம் டேக்ஸ் இல்லாத மாநிலம் என்று சந்தோஷமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் டெக்சஸுக்கு வந்து வீடு வாங்கிய நம் ஆட்களுக்கு, முதல் அல்லது இரண்டாவது நவம்பரில் ஒரு கவர் வரும். அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான், மாநிலம் விட்டுக்கொடுத்ததை வேறு யார் யாரெல்லாம் கூடிக்கூடி வசூல் செய்கிறார்கள் என்பது உறைக்கும். அப்புறம் அடுத்த ஏப்ரலில், வரிக்காக வீட்டுக்குப் போட்ட மதிப்பு அதிகம் என்று ஆட்சேபிக்கும் புரொட்டஸ்ட்டைப் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பரபரப்பு. "புரொட்டஸ்ட் போட்டாச்சா?", "எந்த ஏஜென்ட் நல்லா குறைச்சுத் தர்றான்?", "எனக்கு 20 ஆயிரம் குறைஞ்சது, உங்களுக்கு?" ஜூன் வந்ததும் எல்லாரும் இந்தியா டிரிப்புக்குக் கிளம்பிவிடுவார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், நீங்கள் எவ்வளவு வரி கட்டப்போகிறீர்கள் என்பதன் மறுபாதி அதற்குப் பிறகுதான், ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள், தீர்மானமாகிறது. பத்துப் பேர் சேர்ந்து ஹோட்டலில் சாப்பிடும்போது பில்லில் என் பங்கு எவ்வளவு என்று சண்டை போடுவதுதான் ஏப்ரல் புரொட்டஸ்ட். மேசைக்கு என்ன ஆர்டர் போகிறது என்பது ஆகஸ்டில் பட்ஜெட் போடும்போது முடிவாகிறது, அந்த நேரத்தில் நம் ஆட்கள் ஒருவரும் அங்கே இருப்பதில்லை. இரண்டையும் செய்ய வேண்டும், இரண்டையும் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். நான் சொல்வதெல்லாம் டெக்சஸுக்கு. மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு, தேதிகள் வேறு.

முதலில் பில்லைப் படியுங்கள்

டெக்சஸ் அரசியல் சாசனப்படி மாநில அரசு சொத்து வரி போட முடியாது. முழுக்க முழுக்க உள்ளூர் வரிதான். ஆனால் அந்த உள்ளூர் ஒரே ஆள் இல்லை. டல்லாஸை ஒட்டிய காலின் கவுண்டியில் ஒரு சராசரி பில்லை எடுத்தால் பள்ளி மாவட்டம், அதாவது ஐ.எஸ்.டி., ஒரு வரி. நகரம் ஒரு வரி. கவுண்டி ஒரு வரி. காலின் காலேஜ் ஒரு வரி. டல்லாஸ் கவுண்டிப் பக்கம் போனால் பார்க்லேண்ட் மருத்துவமனைக்கு என்று தனியாக ஒன்று இருக்கும். ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய கம்யூனிட்டி என்றால் தண்ணீர், சாக்கடைக் குழாய் போட்ட கடனை அடைக்க எம்.யூ.டி. என்று இன்னொன்று, அது சில இடங்களில் நகர வரியையே தாண்டும். வீடு வாங்கும் முன் பில்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிச்சன் கவுன்டர்டாப் பற்றியது இல்லை, எம்.யூ.டி. ரேட் எவ்வளவு என்பதுதான்.

ரேட்டை எல்லாரும் 100 டாலர் மதிப்புக்கு இத்தனை என்று சொல்வார்கள். காலின் கவுண்டியின் ரேட் 15 செண்டுக்குக் கொஞ்சம் குறைவு, காலேஜ் சுமார் 8 செண்ட், ஐ.எஸ்.டி. ஏறக்குறைய ஒரு டாலர். ஆக 5 லட்சம் டாலர் வீட்டுக்குக் கவுண்டிக்குப் போவது வருடத்துக்கு ஏறத்தாழ 700 டாலர்தான், பெரிய தொகை பள்ளிக்குப் போகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கவுண்டி கூட்டத்துக்குப் போய்ப் பள்ளி வரியைப் பற்றிக் கத்துபவர்களும், பள்ளி போர்டில் போய் ஷெரிஃப் செலவைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி முதலாளி. பில்லில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போன வருடத் தொகை, இந்த வருடத் தொகை இரண்டையும் எழுதுங்கள், எது எகிறியிருக்கிறது என்று பாருங்கள். அங்கேதான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும்.

ஹோம்ஸ்டெட்: இதைச் செய்யாமல் வேறெதுவும் செய்யாதீர்கள்

நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகையான ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன் போடாமல் விட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் போடுங்கள். பள்ளி வரிக்கு வீட்டு மதிப்பிலிருந்து 1,40,000 டாலரைக் கழித்துவிடுவார்கள். 2023-இல் இது 1 லட்சம் ஆனது, 2025 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு 1,40,000 ஆக்கினார்கள். ஐ.எஸ்.டி. ரேட் ஒரு டாலர் என்றால் இது ஒன்றே வருடத்துக்கு 1,400 டாலர். எந்த ஏஜென்டும் இவ்வளவு எளிதாக வாங்கித் தர மாட்டார்.

படிவம் 50-114. கட்டணம் கிடையாது. வரிக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடும் அலுவலகமான உங்கள் கவுண்டியின் அப்ரெய்சல் டிஸ்டிரிக்ட் தளத்திலேயே போடலாம். டிரைவர் லைசென்ஸில் இருக்கும் முகவரி இந்த வீட்டு முகவரியாக இருக்க வேண்டும், பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்பி வருவது இதனால்தான். குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எச்1பி-யில் இருந்தாலும் போடலாம். ஏப்ரல் 30-க்குள் போடுவது வழக்கம், விட்டுப்போனால் வரி தவணை தவறும் தேதியிலிருந்து இரண்டு வருடம் வரை பின்தேதியிட்டும் கேட்கலாம். வீடு வாங்கியதும் "ஹோம்ஸ்டெட் பதிவு செய்து தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று அரசுக் கடிதம் போலவே ஒரு கடிதம் வரும். குப்பையில் போடுங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்ற நினைப்பும் வேண்டாம், 5 வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் சரிபார்க்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் வந்துவிட்டது, அதற்கான கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் சலுகை போய்விடும்.

ஹோம்ஸ்டெட்டின் இன்னொரு பயன், வரி போடும் மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் இந்த வரம்பு முதல் ஹோம்ஸ்டெட் வருடத்துக்கு அடுத்த வருடம்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பள்ளி வரியில் மேலும் 60,000 கழியும், பள்ளி வரித் தொகையும் அந்த அளவில் உறைந்துவிடும். அப்பா அம்மா நம்மோடுதானே இருக்கிறார்கள், நமக்குக் கிடைக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் வெறுமனே கூட இருந்தால் கிடைக்காது, வீடு அவர்கள் பெயரிலும் இருக்க வேண்டும். இந்தச் சலுகைக்காக மட்டும் பத்திரத்தில் பெயர் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மார்ட்கேஜ், வாரிசு, கிஃப்ட் என்று அது இழுத்துக்கொண்டு வரும் சிக்கல்கள் ஏராளம்.

புரொட்டஸ்ட்

இதைப் பற்றி எல்லாருக்கும் ஏற்கெனவே பாதி தெரியும் என்பதால் தெரியாத பாதியை மட்டும் சொல்கிறேன். மதிப்பு ஜனவரி 1 அன்று வீடு எந்த நிலையில் இருந்ததோ அதற்குத்தான். நோட்டீஸ் ஏப்ரலில் வரும், மே 15 அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30-வது நாள், எது பிந்தியதோ அதற்குள் புரொட்டஸ்ட் போட வேண்டும். போட்டதற்காக மதிப்பைக் கூட்டிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம், அப்படிக் கூட்டச் சட்டம் இடம் தருவதில்லை.

நோட்டீஸில் இரண்டு எண்கள் இருக்கும்: சந்தை மதிப்பு ஒன்று, 10 சதவீத வரம்புக்குப் பிறகான மதிப்பு ஒன்று. வரி இரண்டாவதற்குத்தான். சந்தை மதிப்பு 6 லட்சம், வரம்புக்குப் பின் 5,10,000 என்றால், நீங்கள் லீவு போட்டுப் போய் வாதாடி 6 லட்சத்தை 5,60,000-க்குக் கொண்டுவந்தாலும் இந்த வருடம் ஒரு டாலர்கூட மிச்சமாகாது. 5,10,000-க்குக் கீழே கொண்டுவர ஆதாரம் இருந்தால் மெனக்கெடுங்கள். "40 ஆயிரம் குறைத்துக் கொடுத்தோம்" என்று ஏஜென்ட் மார்தட்டும்போது எந்த எண்ணில் குறைத்தார் என்று கேளுங்கள்.

புரொட்டஸ்ட் படிவத்தில் இரண்டு காரணங்களையும் டிக் செய்யுங்கள்: சந்தை மதிப்பு அதிகம், அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை. இரண்டாவதுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். டெக்சஸில் வீடு எவ்வளவுக்கு விற்றது என்பதை அரசிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால் விற்பனை விலைகள் கிடைப்பது கஷ்டம், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அப்ரெய்சல் டிஸ்டிரிக்ட் போட்டிருக்கும் மதிப்பு அவர்கள் தளத்திலேயே கிடக்கிறது. உங்கள் கம்யூனிட்டியில் அதே பில்டர், அதே வருடம், ஏறக்குறைய அதே சதுர அடி வீடுகளாக ஐந்தாறு எடுத்து, சதுர அடிக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு எக்ஸெல் ஷீட்டில் போடுங்கள், நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன. அவர்கள் பதிவில் உங்கள் வீட்டின் சதுர அடி சரியா, இல்லாத நீச்சல்குளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நார்த் டெக்சஸின் களிமண் வெயிலில் சுருங்கி மழையில் உப்பி ஃபவுண்டேஷனை ஆட்டிவைக்கும், அப்படி விரிசல் இருந்தால் புகைப்படமும் ரிப்பேர் எஸ்டிமேட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் உங்களுக்கு எதிராகக் காட்டப்போகும் ஆதாரத்தை ஹியரிங்குக்கு 14 நாள் முன்பு கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, கட்டாயம் வாங்குங்கள். அதிலேயே உங்களுக்குச் சாதகமான வீடு ஒன்றிரண்டு இருக்கும்.

ஹியரிங் போர்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மதிப்பை மட்டும்தான் பார்ப்பார்கள். "வரி ரொம்ப ஜாஸ்தி, பசங்க காலேஜ் ஃபீஸ் வேற இருக்கு" என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை, ரேட்டில் கைவைக்க அவர்களுக்கு அதிகாரமே கிடையாது. அந்த அதிகாரம் உள்ளவர்கள் வேறு கட்டடத்தில் இருக்கிறார்கள்.

"ரேட்டை ஏற்றவே இல்லையே"

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். டெக்சஸில் 254 கவுண்டிகள், ஒவ்வொன்றையும் நடத்துவது கமிஷனர்ஸ் கோர்ட். பேருக்குத்தான் கோர்ட், ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு அது. கவுண்டி முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுண்டி ஜட்ஜ் ஒருவர், பகுதிக்கு ஒருவராக நான்கு கமிஷனர்கள். பட்ஜெட், வரி ரேட் இரண்டும் இவர்கள் கையில். பெரும்பாலான பெரிய கவுண்டிகளில் நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. ஜூலை 25-ஐ ஒட்டி அப்ரெய்சல் டிஸ்டிரிக்ட் இறுதி மதிப்புப் பட்டியலைக் கொடுக்கும், அதை வைத்து ஆகஸ்டில் பட்ஜெட் வொர்க்‌ஷாப் நடக்கும், ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் ஓட்டெடுப்பு.

அந்த நேரத்தில் உங்கள் கமிஷனர் நியூஸ்லெட்டரில் "இந்த வருடமும் வரி ரேட்டை உயர்த்தவில்லை" என்று பெருமையாகப் போடுவார். கணக்கைப் பாருங்கள். போன வருடம் உங்கள் வீடு 4 லட்சம், ரேட் 15 செண்ட், வரி 600 டாலர். இந்த வருடம் வீடு 4,40,000, ரேட் அதே 15 செண்ட், வரி 660. ரேட் அசையவில்லை, வரி 10 சதவீதம் ஏறிவிட்டது. எல்லார் வீட்டு மதிப்பும் இதே மாதிரி ஏறியிருந்தால், போன வருடம் வசூலித்த அதே தொகையை வசூலிக்கக் கவுண்டிக்கு 13.6 செண்ட் போதும். இந்த 13.6-க்குப் பெயர்தான் நோ-நியூ-ரெவென்யூ ரேட். கமிஷனர் பேசும்போது நீங்கள் ஒப்பிட வேண்டியது போன வருட ரேட்டோடு இல்லை, இந்த எண்ணோடு.

இதிலே ஒரு நுணுக்கம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போனால் கூட்டத்தில் உங்களை யாரும் மடக்க முடியாது. நோ-நியூ-ரெவென்யூ ரேட்டைக் கணக்கிடும்போது அந்த வருடம் புதிதாகக் கட்டிய கட்டடங்களை விலக்கிவிடுவார்கள். அதாவது அந்த ரேட்டையே வைத்தாலும், புதிதாக வந்த வீடுகள், ஆபீஸ்கள், வேர்ஹவுஸ்கள் மூலம் கவுண்டிக்குக் கூடுதல் பணம் வரத்தான் செய்யும். "மக்கள்தொகை ஏறுகிறது, அதனால் ரேட்டைக் குறைக்க முடியாது" என்று வேகமாக வளரும் கவுண்டிகளில் சொல்வதற்கு இதுதான் பதில். வளர்ச்சிக்கான பணத்தை வளர்ச்சியே ஓரளவு கொண்டுவருகிறது. முழுக்கப் போதுமா என்பது வேறு கேள்வி, சம்பளமும் இன்சூரன்ஸும் கான்கிரீட் விலையும் ஏறுகிற வருடத்தில் போதாமலும் போகலாம், ஆனால் அதை அவர்கள் எண்களோடு காட்டட்டும்.

மேல் வரம்பும் ஒன்று இருக்கிறது. 2019-இல் வந்த செனட் பில் 2 சட்டப்படி, நகரமும் கவுண்டியும் தினசரி நிர்வாகத்துக்கான வருமானத்தை, புதுக் கட்டடங்களை நீக்கிவிட்டு, 3.5 சதவீதத்துக்கு மேல் கூட்டும்படி ரேட் வைத்தால் நவம்பரில் மக்களிடம் ஓட்டுக்குப் போயே ஆக வேண்டும். இதற்கு முன்பு அந்த வரம்பு 8 சதவீதம், அப்போதும் மக்கள் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தால்தான் தேர்தல். மக்கள் எப்போதும் "நோ" சொல்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் டிராவிஸ் கவுண்டி குழந்தைகள் பராமரிப்புக்காக 2.5 செண்ட் கேட்டபோது மக்கள் கொடுத்தார்கள். அதே கவுண்டிக்குள் இருக்கும் ஆஸ்டின் நகரம் 2025 நவம்பரில் 5 செண்ட் கேட்டபோது தோற்கடித்துவிட்டார்கள். எதற்கு என்று தெளிவாகச் சொன்னால் ஒரு விதம், பொதுவாகக் கையை நீட்டினால் இன்னொரு விதம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பட்ஜெட் புத்தகத்தில் எங்கே பார்ப்பது

கவுண்டி தளத்தில் "புரொபோஸ்டு பட்ஜெட்" என்று தேடினால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு பி.டி.எஃப். கிடைக்கும். பயப்படாதீர்கள், முதல் பக்கமே உங்களுக்காகச் சட்டம் எழுதிவைத்த பக்கம். போன வருடத்தைவிடச் சொத்து வரியில் அதிகமாக வசூலிக்கும் பட்ஜெட் என்றால், கூடுதல் எத்தனை டாலர், எத்தனை சதவீதம், அதில் புதுக் கட்டடங்களிலிருந்து வருவது எவ்வளவு என்பதை அட்டையில் 18 பாயிண்ட் எழுத்தில் போட வேண்டும். நிறைவேறிய பட்ஜெட்டின் அட்டையில் எந்த உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பெயரோடு போட வேண்டும். கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருபவர்கூட, ரேட் நோ-நியூ-ரெவென்யூவைத் தாண்டினால், "இது உண்மையில் இத்தனை சதவீத வரி உயர்வு" என்று தன் வாயால் சொல்லித்தான் தீர்மானத்தை முன்வைக்க முடியும். அந்த நிமிடம் வரும்போது சிலர் எவ்வளவு வேகமாகப் படிப்பார்கள் என்பதை வீடியோவில் பாருங்கள், பொழுதுபோக்காக இருக்கும்.

அட்டைக்கு அடுத்து நான் பார்க்கச் சொல்வது செலவுப் பக்கங்களை. கவுண்டிப் பணத்தில் பெரும்பங்கு சிறை, ஷெரிஃப், நீதிமன்றங்களுக்குப் போகிறது. இங்கே வெட்டு என்று சும்மா கேட்க முடியாது. டெக்சஸ் விதிப்படி 48 கைதிகளுக்கு ஒரு காவலர் இருந்தே ஆக வேண்டும், ஏழைகளுக்கு வக்கீல் வைத்துக்கொடுப்பதும் கட்டாயம். ஆனால் சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, வழக்கு முடியக் காத்திருப்பவர்கள். வழக்குகள் தேங்கினால் சிறைச் செலவு ஏறும். ஹாரிஸ் கவுண்டியில் இடமும் ஆளும் போதாமல் கைதிகளை லூசியானா வரை காசு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஆகவே "சிறை பட்ஜெட்டைக் குறை" என்பதைவிட "விசாரணைக் கைதி சராசரியாக எத்தனை நாள் உள்ளே இருக்கிறார், போன வருடத்தைவிடக் கூடியதா, ஓவர்டைம் எவ்வளவு" என்று கேட்பது காரியம் ஆகும் கேள்வி.

உண்மையில் குறைக்க இடமிருப்பது வேறு சில விஷயங்களில். ஒன்று, காலிப் பணியிடங்கள். ஆள் இல்லாத வேலைக்கு முழு வருடச் சம்பளம் ஒதுக்கி வைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது, வருடக் கடைசியில் அது மிச்சமாகிக் கையிருப்பில் சேரும். போன வருட ஒதுக்கீடு, நிஜமாகச் செலவானது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வருடா வருடம் ஒரே துறையில் பெரிய இடைவெளி இருந்தால் அதுதான் உங்கள் கேள்வி. இரண்டு, கையிருப்பு. புயலும் வெள்ளமும் வரும் மாநிலம், இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்திருப்பது நியாயம், அவர்களே ஒரு கொள்கை எழுதி வைத்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனால், அது உங்கள் பணம் அவர்கள் வங்கியில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: கையிருப்பைக் கட்டடம், வண்டி மாதிரி ஒருமுறைச் செலவுக்கு எடுக்கச் சொல்லுங்கள், சம்பளத்துக்கு எடுத்து ரேட்டைக் குறைத்தால் இரண்டு வருடத்தில் ரேட் திரும்ப எகிறும்.

மூன்று, கடன். ரேட் இரண்டு துண்டாக இருக்கும், நிர்வாகத்துக்கு ஒன்று, கடன் அடைக்க ஒன்று. 3.5 சதவீத வரம்பு கடன் துண்டுக்குக் கிடையாது. வழக்கமான கடன் பத்திரத்துக்கு, அதாவது பாண்டுக்கு, மக்கள் ஓட்டு வேண்டும், ஆனால் சர்டிஃபிகேட் ஆஃப் ஆப்ளிகேஷன் என்று ஒரு வகை உண்டு, அதைத் தேர்தல் இல்லாமலே வாங்கலாம். பத்திரிகையில் ஒரு நோட்டீஸ் போட்டுவிட்டு வாங்குவார்கள். அந்த இடைவெளியில் பதிவுசெய்த வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தேர்தல் வைத்தாக வேண்டும். நான்கு, கம்பெனிகளுக்குக் கொடுக்கும் வரி விலக்கு ஒப்பந்தங்கள். ஒரு கம்பெனிக்கு 10 வருடம் வரை விலக்குக் கொடுக்கலாம், பதிலுக்கு வேலைவாய்ப்பு உறுதி வாங்குவார்கள். உறுதி நிறைவேறியதா என்று யார் சரிபார்க்கிறார்கள் என்று கேட்டால் அறை கொஞ்சம் அமைதியாகும்.

கூட்டத்துக்குப் போய்ப் பேசுவது

கமிஷனர்ஸ் கோர்ட் பெரும்பாலும் வேலைநாளில் பகலில்தான் கூடும். அதனாலேயே யாரும் வருவதில்லை, அதனாலேயே வருகிற நாலு பேருக்கு மவுசு அதிகம். நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயத்தைப் பற்றி, முடிவெடுக்கும் முன் பொதுமக்களைப் பேசவிட வேண்டும் என்பது சட்டம். பேசச் சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை. ஓட்டுரிமை சிட்டிசன்களுக்கு மட்டும்தான், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் தப்பித் தவறிக்கூட வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கூடாது, இமிக்ரேஷனில் பெரிய வில்லங்கம் ஆகிவிடும். ஆனால் வரி கட்டும் வீட்டுக்காரராக மைக் முன்னால் நிற்பதில் எந்தத் தடையும் இல்லை.

நேரம் பெரும்பாலும் 3 நிமிடம். அதில் குடும்பக் கதை வேண்டாம். நோ-நியூ-ரெவென்யூ ரேட் இவ்வளவு, நீங்கள் கேட்கும் ரேட் இவ்வளவு, இடைவெளி மொத்தம் இத்தனை மில்லியன், இந்தத் துறையில் மூன்று வருடமாக ஒதுக்கியதில் இவ்வளவு செலவாகவில்லை, அதை எடுத்துவிட்டு ரேட்டை இந்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கேளுங்கள், "குறையுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். இந்த எண்களெல்லாம் ரேட் கணக்கிடும் படிவத்திலேயே இருக்கும், 50-856 என்ற அந்தப் படிவத்தை அவர்கள் தளத்தில் போட்டாக வேண்டும். உங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு ரேட்டிலும் எவ்வளவு வரி என்று ஆகஸ்டில் பார்க்க ஒரு தளம் இருக்கிறது, அதன் முகவரி அப்ரெய்சல் டிஸ்டிரிக்ட் தளத்தில் கிடைக்கும். ஹியரிங் தேதியும் அந்தத் தளத்தில் கிடைக்கும். கூட்டத்துக்கு முன்பே கமிஷனர் ஆபீசுக்கு ஒரு ஈமெயில் போட்டுவிடுவது இன்னும் நல்லது, கூட்டத்தன்று அவர்கள் மனதில் முடிவு ஏறக்குறைய ஆகியிருக்கும்.

ஐந்து பேரில் இரண்டு பேர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாரிஸ் கவுண்டி நல்ல உதாரணம். வரி விதிக்க ஐவரில் நான்கு பேராவது அறையில் இருக்க வேண்டும் என்று சட்டம். 2022-இல் இரண்டு கமிஷனர்கள் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிட்டார்கள். கெடு முடிந்ததும் கவுண்டி நோ-நியூ-ரெவென்யூ ரேட்டோடு நிற்க வேண்டியதாயிற்று. நல்ல ஆட்சிமுறையா என்றால் எனக்குச் சந்தேகம்தான், திட்டமிட்டிருந்த செலவுகளை மாற்றி எழுத வேண்டிவந்தது. ஆனால் இரண்டு ஓட்டுக்கு இருக்கும் எடை அதில் தெரிகிறது.

இன்னொரு கோரிக்கை இருக்கிறது, அதை ஆகஸ்டில் கேட்டால் காலம் கடந்துவிடும். கவுண்டியும் நகரமும் தங்கள் வரிக்குத் தாங்களாகவே 20 சதவீதம் வரை ஹோம்ஸ்டெட் சலுகை கொடுக்கலாம். டல்லாஸ் கவுண்டி 20 சதவீதம் கொடுக்கிறது, காலின் கவுண்டி பல வருடங்களாக 5 சதவீதத்தில் நிற்கிறது. அந்த வருடத்துக்குச் செல்ல வேண்டுமானால் ஜூலை 1-க்கு முன் நிறைவேற்ற வேண்டும், ஆகவே மார்ச், ஏப்ரலிலேயே கேளுங்கள். இதனால் குறையும் சுமை அபார்ட்மெண்ட், கடை, வாடகை வீடுகள் பக்கம் சாயும் என்பதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள், வாடகை வீடு வைத்திருக்கும் நண்பர்கள் உங்களோடு கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இதே கணக்கைப் பள்ளி மாவட்டத்துக்கும் போடுங்கள், பில்லில் பெரியது அதுதான். பள்ளிக்கான ரேட்டில் பெரும்பகுதியை மாநிலத்தின் ஃபார்முலா தீர்மானிக்கிறது, போர்டின் கையில் இருப்பது கொஞ்சம்தான். மக்கள் கையில் இருப்பது பாண்டு. வாக்குச்சீட்டில் "இது ஒரு சொத்து வரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று 2019 முதல் சட்டம் இருக்கிறது. ஸ்டேடியத்துக்கும் வகுப்பறைக்கும் தனித்தனித் தீர்மானமாக வரும், தனித்தனியாகப் படித்து ஓட்டுப் போடுங்கள்.

சிட்டிசனாக இருப்பவர்களுக்கு இன்னொன்று. 75 ஆயிரம் பேருக்கு மேல் உள்ள கவுண்டிகளில் அப்ரெய்சல் டிஸ்டிரிக்ட் போர்டின் மூன்று இடங்களுக்கு 2024 மே முதல் நேரடித் தேர்தல் நடக்கிறது. முதல் தேர்தலில் பலருக்கு அப்படியொன்று நடப்பதே தெரியாது.

கடைசியாகப் பணம் கட்டும் விஷயம். பில் அக்டோபர், நவம்பரில் வரும், ஜனவரி 31 கடைசி நாள். பிப்ரவரி 1 ஆனால் 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும். புதிதாகக் கட்டிய வீடு வாங்கியவர்கள் கவனம்: ஜனவரி 1 அன்று வெறும் மனையாக இருந்திருந்தால் முதல் வருட வரி மனைக்கு மட்டும்தான் வரும், மார்ட்கேஜ் கம்பெனி அதையே வைத்து, வரிக்காக மாதத் தவணையோடு சேர்த்து வாங்கும் எஸ்க்ரோவைப் பிடித்தால் அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி வரும்போது மாதத் தவணை பல நூறு டாலர் ஏறும், போதாததற்குப் பழைய பாக்கியும் சேரும். முதல் மாதத்திலிருந்தே அந்த வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். புரொட்டஸ்ட்டிலோ ஹோம்ஸ்டெட்டிலோ வரி குறைந்தவர்கள் அந்தப் புதிய பில்லை மார்ட்கேஜ் கம்பெனிக்கு அனுப்பி எஸ்க்ரோவைத் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள், நீங்களாகக் கேட்காவிட்டால் அடுத்த வருடாந்தரக் கணக்கு வரும்வரை பழைய தொகையையே பிடித்துக்கொண்டிருப்பார்கள்.